பூஜ்யத்துக்குச் சற்று மேலே

மலர்விழி அந்தக் கல்யாணத்துக்குப் போவதாகவே இல்லை. அவளோடு கல்லூரியில் வேலை பார்க்கும் அம்சவள்ளியின் தம்பிக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். "முகூர்த்தத்துக்குத்தான் வர்ல, சாப்ட்டுப் போகவாவது வா" என்று அம்சவள்ளி போனில் கோபித்துக்கொண்டாள். அதனால் வெள்ளிக்கிழமை மதிய வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கல்லூரிக்குக் கட்டியிருந்த பருத்திச் சேலையோடு பஸ் ஏறிப் போனாள்.

கடைசிப் பந்தி. அவளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவன் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மலர் மேடம்தானே? என்னத் தெர்தா? கோபி. கப்பல்ல வின்ச் பாக்கறேனே."

தெரிந்துவிட்டது. ஆய்வுக் கப்பல் அளவெடுக்க நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், அவர்கள் பேச்சில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும், கருவிகளைக் கம்பியில் கட்டிக் கடலுக்குள் இறக்குகிறவன். மரக்காணத்துப் பக்கம். கப்பல் புறப்படும் முன் அவளுடைய கருவியைப் பொருத்த இரும்புச் சட்டம் செய்ய அவளோடு இரண்டு நாள் பட்டறையில் நின்றிருக்கிறான். இங்கே பெண் வீட்டுக்குச் சொந்தம் என்றான்.

"ஊசி எப்டிங்க மேடம் இருக்குது? வேற எதுனா பண்ணிக்கினு இருக்கீங்களா?"

"எந்த ஊசி?"

"உங்க கண்ணாடி ஊசிதான்."

"அதுதான் ரெண்டாவது ஸ்டேஷன்லயே உடஞ்சி போச்சே கோபி."

கோபி சிரித்தான். "யாருங்க சொன்னாங்க? கடைசி ஸ்டேஷன் வரிக்கும் ஓடிச்சி. ஸ்பேர் ஊசியெல்லாம் பொட்டியிலயே கெடந்துச்சி, தொடக்கூட இல்ல. கடைசி தபா மேல தூக்கினப்போ தென்னரசு சார் குக்காண்ட சொல்லிக் கேசரி பண்ணச் சொன்னாரு. டெக்குல அவரே எல்லாருக்கும் குடுத்தாரு. 'இது எங்க வூட்டம்மா பண்ண ஊசி'ன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தாரு."

பரிமாறுகிறவர் ரசம் வேண்டுமா என்று கேட்டார். மலர்விழி தலையாட்டினாள். சோற்றில் குழி செய்து ரசத்தை வாங்கிக்கொண்டாள். கோபி கப்பலில் மாறிய கேப்டனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனான். அவள் சாப்பிட்டு முடித்து, இலையை மூடி, கை கழுவி, அம்சவள்ளியிடம் சொல்லிக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தாள். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கோபி சொன்னதை மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள்.

அந்த ஊசியைச் செய்ய அவளுக்கு மூன்று வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

வங்கக் கடலில் மேற்பரப்பிலிருந்து நூறு மீட்டருக்குக் கீழே போனால் ஆக்சிஜன் மளமளவென்று குறைந்துவிடும். அதற்குக் கீழே சில நூறு மீட்டர் கனத்துக்கு மூச்சுக்கே வழியில்லாத ஓர் அடுக்கு. அரபிக் கடலிலும் அப்படி ஓர் அடுக்கு உண்டு. ஆனால் அங்கே ஆக்சிஜன் முழுதாகத் தீர்ந்துவிடுவதால், நுண்ணுயிர்கள் அதற்குப் பதிலாக நைட்ரேட்டைச் சுவாசிக்கின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. வயலில் போட்ட யூரியா பயிருக்குப் போய்ச் சேராமல் வீணாவது போலக் கடலின் உரம் வீணாகிறது. வங்கக் கடலில் மட்டும் அந்த இழப்பு அவ்வளவாக நடப்பதில்லை. அங்கே ஏதோ துளி ஆக்சிஜன் மிச்சமிருந்து அதைத் தடுக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம். அந்தத் துளியும் போய்விட்டால் நைட்ரஜன் போகும், அதை நம்பியிருக்கும் நுண்பாசி குறையும், பிறகு மீன் குறையும். கப்பலில் இருக்கும் சாதாரணக் கருவியால் அந்தத் துளியைப் பார்க்க முடியாது. அதைப் பார்க்கத்தான் மலர்விழி கண்ணாடியைச் சூட்டில் இளக்கி, முடியை விட மெல்லிய முனையோடு ஊசி இழுத்தாள். எத்தனையோ ஊசிகள் உடைந்தன. கடைசியில் ஒன்று நின்றது. அதே போல இன்னும் சில செய்து ஸ்பேராகப் பெட்டியில் வைத்தாள்.

அவளும் தென்னரசும் சென்னையில் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில், முத்துசாமி என்ற பேராசிரியரிடம் படித்தவர்கள். அவள் மயிலம் பக்கத்து விவசாயக் குடும்பம், அவன் விழுப்புரம் டவுன். ரயிலில் ஒன்றாக ஊருக்கு வந்து போனதில் பழகி, இரண்டு வீட்டிலும் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கப்பல் புறப்படும் நேரத்தில் அவள் கர்ப்பமாக இருந்தாள். கர்ப்பிணியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். "நான் போறேன். உன் ஊசிய என் கொழந்த மாதிரிப் பாத்துக்கறேன்" என்று தென்னரசு சொன்னான். அவள் அவனை உட்காரவைத்து ஊசியைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஆழத்தில் குளிர்ந்த நீரில் ஊசியின் கணக்கு மாறும். அதனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசி தன் வாயை மூடிக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய பூஜ்யம் எது என்று பார்த்துக்கொள்ளும். வாய் திறந்திருக்கும்போது காட்டுவதிலிருந்து மூடியிருக்கும்போது காட்டுவதைக் கழித்தால் கிடைப்பதுதான் ஆக்சிஜன். "இத மறந்தா எல்லாம் போச்சி" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கப்பல் திரும்பி வந்தது. தென்னரசு நேராக விழுப்புரம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். "ஊசி போச்சி மலர். ரெண்டாவது ஸ்டேஷன்லயே பிரஷர்ல நொறுங்கிடுச்சி. ஸ்பேரும் நிக்கல. உன் தப்பு இல்ல" என்றான். அவள் அழுதாள். மாமியார் கிருஷ்ணவேணி மிளகு ரசம் வைத்துச் சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள். தென்னரசு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

அளவீடு இல்லாமல் ஆய்வேடு இல்லை. இன்னொரு முறை கப்பலில் இடம் கிடைக்க எத்தனை காலம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. உதவித்தொகை நின்றது, குழந்தை பிறந்தது. இளவரசி என்று பெயர் வைத்தார்கள். மலர்விழி படிப்பை விட்டுவிட்டு, திண்டிவனம் சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்தப் போனாள். மறு வருடம் தென்னரசின் கட்டுரை பெரிய வெளிநாட்டு இதழில் வந்தது. வங்கக் கடலிலும் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, நைட்ரஜன் இழப்பு தொடங்கிவிட்டது என்று கட்டுரை. கப்பலின் சாதாரணக் கருவியை வைத்து எழுதியது என்று அவன் அவளிடம் சொன்னான். "சாதாரணக் கருவிய வச்சிப் பூஜ்யம்னு சொல்ல முடியாதே" என்று அவள் கேட்டதற்கு, "ரிவ்யூவர் ஒத்துக்கினாங்க, வுடு" என்று சிரித்தான். அவள் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. இரண்டு முறை திறந்தாள். இரண்டு முறையும் முதல் பக்கத்திலேயே கண்ணில் நீர் நிறைந்து மூடிவிட்டாள். தமிழ்ப் பத்திரிகைகளில் "வங்கக் கடலுக்கு மூச்சுத் திணறல்" என்று அவன் படத்தோடு செய்தி வந்தபோது, ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள். அந்தக் கட்டுரையின் பலத்தில் தென்னரசுக்கு நிலையத்திலேயே விஞ்ஞானி வேலை கிடைத்தது. வாரக் கடைசியில் விழுப்புரம் வருவான்.

இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அந்தக் கட்டுரையைத் திறந்தாள். மயிலம் திருப்பம் வருவதற்குள் கருவியைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டாள். "எங்கள் நிலையத்தில் உருவாக்கப்பட்ட நுண்ணுணரி" என்று எழுதியிருந்தது. யார் உருவாக்கியது என்று எழுதவில்லை. நன்றி சொல்லும் பகுதியில் கப்பல் மாலுமிகள் எல்லோர் பெயரும் இருந்தது. கோபியின் பெயர்கூட இருந்தது.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆழம் போகப் போகக் கோடு பூஜ்யத்தைத் தொட்டு, தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு இறங்கியது. கீழே சின்ன எழுத்தில், பூஜ்யம் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்டது என்றிருந்தது. ஆய்வுக்கூடத்துச் சூட்டில் எடுத்த பூஜ்யத்தைக் குளிர்ந்த ஆழத்தின் அளவிலிருந்து கழித்தால், இருக்கிற ஆக்சிஜனும் இல்லாமல் போய்விடும். அடுத்த பக்கத்தில் அதே நீரில் எடுத்த நைட்ரைட் அளவு இருந்தது. ஆக்சிஜன் உண்மையிலேயே தீர்ந்திருந்தால் அரபிக் கடலில் போல அங்கே நைட்ரைட் சேர்ந்திருக்க வேண்டும். கோடு வெறுமையாக இருந்தது. அதற்கு ஒரு வளைந்து நெளிந்த விளக்கம் எழுதியிருந்தான்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது அவளுக்கு இரண்டும் தெரிந்துவிட்டது. அவளுடைய ஊசியை எடுத்துக்கொண்டான். அது சொன்னதையும் மாற்றிச் சொல்லிவிட்டான்.

அன்று அவன் தாமதமாக வந்து சேர்ந்தான். மறுநாள் காலை, சமையலறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து இளவரசிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான். கிருஷ்ணவேணி அடுப்படியில் இருந்தாள். மலர்விழி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து கல்யாணத்துல கோபியப் பாத்தேன்."

"எந்தக் கோபி?"

"கப்பல்ல வின்ச் பாக்கற கோபி."

தென்னரசு இட்லித் துண்டைச் சர்க்கரையில் தொட்டு மகளின் வாயில் வைத்தான். ஒழுகியதைத் துடைத்தான். "அவன் எங்க இங்க?"

"பொண்ணு வூட்டுக்குச் சொந்தம். கேசரி நல்லா இருந்துச்சாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மகளை எழுப்பி, "போய் கை கழுவிக்கினு வா கண்ணு" என்று அனுப்பினான்.

"மலர், நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஒடஞ்சி போச்சின்னு ஏன் சொன்ன?"

மாமியார் எதிரில் அவள் அவனை எப்போதும் 'நீங்க' என்றுதான் பேசுவாள். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"கப்பல் கரைக்கு வர்றப்ப முத்துசாமி சார் போன் பண்ணாரு. ஒரே ஒரு போஸ்ட் வர்துன்னாரு. பெரிய ஜர்னல்ல மொத பேரு என்னுதா இருந்தா எனக்குத்தான்னாரு. உன் ஊசின்னா உன் பேருதான் மொதல்ல வரணும். நீ முழுகாம இருக்க. படிப்புக்குத் திரும்பி எப்ப வருவ, வருவியான்னே தெரியாது. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது..."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

அவன் தட்டில் இருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டா, நீ குடுத்ததுன்னு ஆயிடும்ல" என்றான்.

வெளியே தொட்டியில் இளவரசி தண்ணீரை அளைந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"சரி. பூஜ்யம்னு ஏன் எழுதின?"

"ரிசல்ட்டு அப்படித்தான் வந்துச்சி."

"லேப் பூஜ்யத்தக் கழிச்சா அப்படித்தான் வரும். ஊசி வாய மூடின ரீடிங் எங்க? உனக்கு உக்காத்தி வச்சிச் சொல்லிக் குடுத்தேனே. மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்பறம்?"

"கொஞ்சூண்டு இருக்குதுன்னு எழுதினா எவன் எடுப்பான் மலர்? அது எல்லாரும் சந்தேகப்பட்டதுதான். இல்லன்னு சொன்னாத்தான் நியூஸு."

கிருஷ்ணவேணி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அவளுக்கு இந்தப் பேச்சில் பாதி புரியாது. "அந்த ஊசி ஒடஞ்சி போச்சின்னுதானடா சொன்ன?" என்றாள். "புள்ளத்தாச்சி, சோறு தின்னாம கெடந்து அழுதா. நான் ஊட்டிக்கினு இருந்தேன். நீ இதே எடத்துல உக்காந்து பாத்துக்கினுதானே இருந்த?"

தென்னரசு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். கிருஷ்ணவேணி மறுபடி உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அன்று மதியம் மகனுக்குத் தட்டு வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மலர்விழி முத்துசாமிக்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனிதர் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"நீயே குடுத்துட்டதா அவன் சொன்னான்மா. வீட்டோட இருக்கப் போறேன், என் பேர் வேணாம்னு நீ சொன்னதா சொன்னான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேசிக்கிட்டது, நான் எப்படி நடுவுல வந்து கேக்கறது?"

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார்."

"குழந்தை பொறந்த நேரம், தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டேன். இப்ப என்ன, உங்க வீட்டுக்குத்தானே வந்திருக்கு எல்லாம்?"

பூஜ்யத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் அதை நேரில் பேசலாம் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது.

தென்னரசு அடுத்த வாரம் வந்தபோது, கப்பலில் எடுத்த மூல அளவீடுகள் வேண்டும் என்று கேட்டாள். அவன் உடனே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். "பாத்துக்கோ. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லன்னு நீயே சொல்லுவ. அடுத்த பேப்பர்ல உன் பேரையே மொதல்ல போடறேன்" என்றான். அவன் நிம்மதியாக இருந்தான். அவள் கோபம் இதோடு தீர்ந்துவிடும் என்று நம்பினான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

கல்லூரி ஆசிரியர் அறையில், வகுப்பு இல்லாத மதியங்களில் உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டாள். கண்ணாடி இழுத்த கை இத்தனை காலம் விடைத்தாள்தான் திருத்திக்கொண்டிருந்தது. மென்பொருளில் பாதி மறந்துவிட்டது. முதல் இரண்டு நாள் எதுவும் சேரவில்லை. மூன்றாவது நாள், ஊசி வாய் மூடிய அளவுகளைத் தனியாகப் பிரித்து, திறந்த அளவுகளிலிருந்து கழித்தபோது கோடு எழுந்தது. பூஜ்யத்துக்குச் சற்று மேலே, மிகமிகச் சற்று மேலே, எந்த இடத்திலும் பூஜ்யத்தைத் தொடாமல் ஆழத்துக்கு இறங்கியது. அடுத்த ஸ்டேஷனிலும் அப்படியே. கடைசி ஸ்டேஷன் வரை அப்படியே. நைட்ரைட் ஏன் இல்லை என்பதற்கு இனி வளைந்த விளக்கம் தேவையில்லை. கடல் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன்னுடைய ஊசி, தான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தாள். விரல் தானாகத் தென்னரசின் பெயருக்குப் போய் நின்றது. இதன் அருமை புரிகிற ஒரே ஆள் அவன்தான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். எதிர் மேசையில் இருந்த அம்சவள்ளி, "இன்னாச்சி மலர், அழுவுறியா?" என்று கேட்டாள். கோபி சொன்னதைக் கேட்டபோதும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அந்த வார விடுமுறையில் மகளோடு அப்பா வீட்டுக்குப் போனாள். அப்பா வெங்கடாசலம் களத்தில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், தென்னரசின் படம் வந்த பத்திரிகைத் துண்டு லேமினேட் செய்து மாட்டியிருந்தது. திண்டிவனத்துக்குப் போய் அவரே போட்டுக்கொண்டு வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் மல்லாட்டையைத் துழாவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப கடல்ல காத்து இருக்குதா இல்லியா?"

"இருக்குதுப்பா. கொஞ்சூண்டு."

"மாப்ள இல்லன்னு எழுதிட்டாரு."

"ஆமா."

"அந்தக் கொஞ்சூண்டுக்குப் போயி எல்லாரையும் கூப்புட்டு நிறுத்தி மானத்த வாங்கப் போறியா?"

"நான் செஞ்சதுப்பா அது."

"செஞ்சது நீதான். வேணான்னு சொல்லல." அவர் எழுந்து முதுகை நிமிர்த்தினார். "அவரு சம்பாதிக்கறது ஒனக்கும் பேத்திக்குந்தானே. வெளிய தெரிஞ்சா யாருக்குப் பேஜாரு? வுட்டுத் தொலையேன்."

அப்பாவாவது தன் பக்கம் நிற்பார் என்று வந்திருந்தாள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது இன்னும் வலித்தது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தென்னரசிடம் மறைத்துச் செய்ய அவளுக்கு இஷ்டமில்லை. இதழுக்கு எழுதப் போவதை அவனிடம் சொன்னாள். முதலில் அவன் நம்பவில்லை. பிறகு கெஞ்சினான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, உறுதி செய்யும் ஆணை வரும்வரை பொறு என்றான்.

"ஆர்டர் கைக்கு வந்துடட்டும் மலர். அப்பறம் நானே எழுதறேன், தப்பு நடந்துடிச்சின்னு. சத்தியமா எழுதறேன்."

"நீ எழுத மாட்ட."

"நம்ப மாட்டியா?"

"இல்ல."

கிருஷ்ணவேணியும் அன்று அவளிடம் வந்து உட்கார்ந்தாள். "அவன் பண்ணது துரோகந்தான். நான் இல்லங்கல. ஆனா வேல போச்சின்னா அவன் எதுனா பண்ணிக்குவானோன்னு எனக்குப் பயமா இருக்குதும்மா" என்றாள். மலர்விழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கல்லூரியிலிருந்து, தன் பெயரில், தன் கணக்கோடு இதழுக்கு அனுப்பிவைத்தாள்.

இதழிலிருந்து கேள்விகள் வந்தன. ஊசி அவள் செய்தது என்பதற்கு யார் சாட்சி என்று கேட்டார்கள். அவள் கோபிக்குப் போன் செய்தாள். "நான் காண்ட்ராக்ட்டு ஆளு மேடம். நானா போய்ச் சொன்னா அடுத்த டிரிப்புக்குக் கூப்புட மாட்டாங்க" என்று அவன் இழுத்தான். கொஞ்சம் யோசித்து, "அவங்க கேட்டா, இருக்கறத சொல்லிடறேன்" என்றான். கேட்டார்கள். சொன்னான். அடுத்த பயணத்துக்கு அவனைக் கூப்பிடத்தான் செய்தார்கள். அவன் பயந்தது நடக்கவில்லை என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல்.

முடிவு வர நெடுநாள் ஆனது. ஒரு மழைக்காலத்தில் அவளுடைய குறிப்பு இதழில் வந்தது. பழைய கட்டுரைக்குத் திருத்தம் போட்டார்கள். நுண்ணுணரியை உருவாக்கியவர் மலர்விழி என்று சேர்த்தார்கள். அதன் கீழே தென்னரசும் முத்துசாமியும் எழுதிய பதில் இருந்தது. "இந்தக் கவனக்குறைவைச் சுட்டிக்காட்டியமைக்கு மலர்விழிக்கு எங்கள் நன்றி" என்று தொடங்கியது. கவனக்குறைவு என்ற சொல்லை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமும் ஒரு படிப்பும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிட்டன. வங்கக் கடலில் இன்னும் ஆக்சிஜன் இருக்கிறது என்பதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. நிலையத்தில் விசாரணை நடந்தது. தென்னரசுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். வேலை போகவில்லை. முத்துசாமி, "முதலில் என்னிடம் வந்திருக்கலாம்" என்று ஒரு வரி செய்தி அனுப்பினார். அவள் பதில் போடவில்லை.

அதற்கு முன்பே அவள் திண்டிவனத்தில் கல்லூரிக்குப் பக்கமாக ஒரு வாடகை வீடு பார்த்து மகளோடு வந்துவிட்டாள். சாமான் ஏற்றும்போது கிருஷ்ணவேணி வாசலில் நின்று, இளவரசியின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாள்.

தென்னரசு ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்க வருவான். திருத்தம் வெளிவந்த பிறகு வந்த ஒரு ஞாயிறன்று, அவன் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"எல்லாம் முடிஞ்சி போச்சி மலர். உன் பேரு வந்துடிச்சி. நானும் அவமானப்பட்டாச்சி. வூட்டுக்கு வா."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன, யாரையாவது கொன்னுட்டேனா? ஒரு தப்பு. எத்தன வாட்டி மன்னிப்பு கேக்கறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் உண்மையாகத்தான் அழுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. எதற்காக அழுகிறான் என்பதுதான் தெரியவில்லை.

"கோவம் போயிடிச்சி" என்றாள். "முன்ன மாதிரி இல்ல. ஆனா நீ வெளிய மழ பெய்துன்னு சொன்னா, நான் எழுந்து போய் ஜன்னல் வழியா எட்டிப் பாக்கணும். அப்படி எவ்ளோ நாளு ஒரே வூட்ல இருக்கறது?"

இளவரசி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து அவன் கையை இழுத்தாள். இருவரும் கடைத்தெருப் பக்கம் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டு வந்தார்கள். பிறகு அவன் மகளை முத்தமிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டான்.

மலர்விழி வேறொரு நிலையத்தில், வேறொரு பேராசிரியரிடம், மறுபடி ஆய்வில் சேர விண்ணப்பம் போட்டிருந்தாள். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் மகளை யாரிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறுவது என்ற கேள்விக்கும் பதில் இல்லை. அன்று சாயங்காலம் இளவரசிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, "அப்பா அடுத்த வாரமும் வருவாராம்மா?" என்று மகள் கேட்டாள்.

"வர்றேன்னு சொல்லியிருக்காரு" என்றாள் மலர்விழி.